வாடகை வீட்டு பெயின்ட்டு வேலை: யாரு முதல்ல உள்ள வரணும்

குரோம்பேட்டைல வாடகைக்கு விடறதுக்குன்னே 650 சதுர அடில ஒரு பழைய ஃப்ளாட்டு வாங்கினேன், அதுல நான் பண்ண கூத்த எழுதி வச்சா அடுத்த வீட்டுக்கு எனக்கே உதவும்.

லீவு ஒரு வாரம்தான் கிடைச்சுது, பெயின்ட்டரும் அந்த வாரம் சும்மாதான் இருந்தாரு, சரி வாங்கண்ணேன்னு அவரையே முதல்ல இறக்கிட்டேன். பட்டி (சுவத்த வழவழப்பாக்க பூசற மாவு) ரெண்டு கோட்டு, பிரைமர், எமல்ஷன் பெயின்ட்டு ரெண்டு கோட்டு, வீடு கல்யாணப் பொண்ணு மாதிரி ஜொலிக்குது. அப்புறம் எலக்ட்ரீஷியன் வந்து பழைய ஒயரு ஏசி லோடு தாங்காதுன்னு பெட்ரூம் சுவத்த மேலருந்து கீழ வரைக்கும் வெட்டினாரு. அவரு போனதும் டைல்ஸ்காரர், பழைய மொசைக் மேலயே டைல்ஸ் ஒட்டினதுல தரை அரை இஞ்ச்க்கு மேல ஏறிடுச்சு, ஒரு கதவும் திறக்கல, கார்ப்பென்டர கூப்பிட்டு எல்லா கதவையும் கழட்டி அடில இழைச்சு மாட்டினோம், நிலைல அடிச்ச எனாமல் பூரா கீறல். சுவரு அடில ஓரமா வர்ற ஸ்கர்ட்டிங் டைல்ஸ் ஒட்டும்போது தெறிச்ச சிமென்ட்டு தனிக்கதை. பெயின்ட்டர் வந்து பாத்துட்டு "டச்சப் பண்ணா திட்டுத்திட்டா தெரியும் சார், சுவரு முழுசா அடிக்கணும்"னு சொன்னாரு, பாவம் அவரு சொன்னது சரிதான்.

இப்ப நான் வச்சிருக்கற வரிசை, முதல்ல பாத்ரூம் கசிவு. பாத்ரூமுக்கு அந்தப் பக்க சுவரு கீழ மூணு அடி உப்பு பூத்திருந்தா அதுக்கு மேல எவ்ளோ நல்ல பட்டி பாத்தாலும் ஒரே மழைல உரிஞ்சு வரும், கசிவ நிறுத்தி சுவரு காயற வரைக்கும் பெயின்ட்ட பத்தி பேசவே கூடாது. அப்புறம் ஒயரு, பைப்பு, ஏசிக்கு ஓட்டை, வெட்டின இடத்துல பூச்சு, அதுக்கு தண்ணி விட்டு நல்லா காய விடறது. அடுத்து டைல்ஸும் ஸ்கர்ட்டிங்கும். கதவ இழைக்கறது அதுக்கப்புறம்தான். பெயின்ட்டர் கடைசி ஆளு. அதுலயும் பட்டி தேய்ச்சு பிரைமரும் முதல் கோட்டும் முடிஞ்சதும் நிறுத்திடறேன், சுவிட்ச் ப்ளேட்டு, ஃபேன், கர்ட்டன் ராடுன்னு எல்லாரும் சுவத்துல கை வச்சு முடிச்சப்புறம் ரெண்டாவது கோட்டு. பெயின்ட்டருக்கு ரெண்டு தடவ வரணுமேன்னு கடுப்பாதான் இருக்கும், அத முன்னாடியே சொல்லி ரேட்டு பேசிடணும்.

பழைய சுண்ணாம்போ டிஸ்டம்பரோ இருந்தா சுரண்டித்தான் ஆகணும். பழைய எனாமல் அடிச்ச நிலையையும் உப்புத்தாள் போட்டு நல்லா சொரசொரப்பாக்கணும், அப்படியே மேல அடிச்சா நகத்தால கீறினாலே தோலு மாதிரி வந்துடும். கிரில்ல துரு இருந்தா தேய்ச்சுட்டு ரெட் ஆக்ஸைடு பிரைமர், அப்புறம்தான் கலரு.

அளவுக்கு என் கணக்கு, தரை சதுர அடிய மூணரையால பெருக்கினா சீலிங்கோட சேத்து அடிக்க வேண்டிய பரப்பு ஏறக்குறைய வந்துடும். 650க்கு 2,275. லிட்டருக்கு ரெண்டு கோட்டு 60 சதுர அடி வரும்னு வச்சா 38 லிட்டர். பெயின்ட்டர் 50 கேட்டா ஏன்னு கேக்கலாம்ல.

கலர்ல ரசனைய காட்டாதீங்க, அது நம்ம குடியிருக்கற வீட்டுக்கு. எல்லா வாடகை வீட்டுக்கும் ஒரே ஆஃப் ஒயிட்டு, அதுவும் மெஷின்ல கலக்காத ரெடி ஷேடு, ஏன்னா மெஷின்ல கலக்கறது ஒவ்வொரு தடவையும் துளி வித்தியாசமா வரலாம். பளபளப்பு ஜாஸ்தி இருந்தா பழைய சுவத்தோட மேடு பள்ளம் லைட்டு வெளிச்சத்துல அப்படியே தெரியும், அதனால ஹால்ல பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ். ஆனா கிச்சன்ல எண்ணெப் புகை, அங்க மட்டும் துடைக்கற மாதிரி அடிச்சுடுவேன். நிலைக்கு வெள்ளை ஆயில் எனாமல் அடிச்சா கொஞ்ச நாள்ல மஞ்சளாயிடுது, ஒண்ணு காப்பிக்கலரு அடிக்கணும் இல்லேன்னா தண்ணில கலக்கற எனாமல்.

அப்புறம் இந்த காலி பண்றவங்க அட்வான்ஸ்ல பெயின்ட்டிங்னு ஒரு மாச வாடகை புடிக்கற பழக்கம். புடிச்சுட்டு அடிக்காமலே அடுத்த ஆளுக்கு விடறவங்களும் இருக்காங்க, நானும் வாடகைக்கு இருந்தவன்தான், அந்த வயித்தெரிச்சல் தெரியும். சுவரு நல்லா இருந்தா நான் புடிக்கறதில்ல. அடிக்கணும்னா ஐப்பசி கார்த்திகை மழைய மட்டும் தவிர்க்கப் பாப்பேன், பட்டி காயாம ஒரு நாள் வேலைய மூணு நாளு இழுக்கும், வீடு காலியா கிடக்கற ஒவ்வொரு நாளும் வாடகை போச்சு.

மிச்சம் ஒரு லிட்டர இறுக்கி மூடி லாஃப்டுல வச்சுட்டு ஷேடு நம்பர லாஃப்ட்டு கதவுக்கு உள்பக்கம் மார்க்கர்ல எழுதிடுவேன். போன மாசம் கார்ப்பென்டர் அந்தக் கதவுக்கு ரெண்டு பக்கமும் மைக்கா ஒட்டிக் குடுத்துட்டாரு, ரொம்ப நீட்டா.