கொட்டேஷன் ஃபைலைக் கொடுங்கள், ரேட்டை எடுத்துவிட்டு

தோட்டம் அமைக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது, "அண்ணே, உங்க கொட்டேஷன் ஃபார்மட் ஒண்ணு அனுப்புங்களேன்" என்பதைத்தான். கேட்கப்பட்டவரும் கடைசியாக முடித்த சைட்டின் ஃபைலையே தட்டிவிடுவார். அதில் கஸ்டமரின் பேர், போன் நம்பர், செம்மண் வாங்கிய விலை, தன்னுடைய ஜிஎஸ்டி நம்பர் எல்லாம் அப்படியே இருக்கும். வாங்கியவர் மேலே இருக்கிற பேரை மட்டும் மாற்றி இன்னொருவருக்குக் கொடுப்பார். நாலு கை மாறுவதற்குள் கோயம்புத்தூர் சைட்டுக்கான கொட்டேஷனில் சென்னை லாரி வாடகை உட்கார்ந்திருக்கும்.

இன்னொருவரின் ரேட் நமக்கு உதவாது. லாரி வாடகை, ஆள் கூலி, நர்சரி தூரம் எல்லாமே ஊருக்கு ஊர் வேறு. அதோடு, ஒரே தொழில் செய்பவர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே விலை போடுவது 2002 போட்டிச் சட்டம் 3-வது பிரிவின்படி தவறு. ஆகவே ரேட் கட்டங்களைக் காலியாக விட்டுவிடுங்கள். அளவுக் கணக்கை மட்டும் ஃபார்முலாவோடு கொடுங்கள். அதில்தான் பிழைப்பு இருக்கிறது.

1,000 சதுர அடி புல்தரையை எடுத்துக்கொள்வோம். மண் 4 அங்குலம் நிரப்ப வேண்டும். 4 அங்குலம் என்றால் அடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆக 333 கன அடி. தண்ணீர் விட்டு மிதித்ததும் மண் அமுங்கும், அதற்கு 20 சதவீதம் கூட்டினால் 400 கன அடி, அதாவது 4 யூனிட். இதையே கையால் போடுபவர்கள் 4 அங்குலத்தை 0.4 அடி என்று அடித்துவிடுவார்கள். விடை 400 கன அடி என்று வரும். பார்க்க அமுங்கல் கணக்கும் சேர்ந்த மாதிரியே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஃபைலை வாங்கிய அடுத்த ஆள், "இதில் அமுங்கல் போடலையே" என்று 20 சதவீதம் சேர்ப்பார். 480 கன அடி ஆகிவிடும். முக்கால் யூனிட்டுக்கு மேல் மண் சைட்டில் குவிந்து கிடக்கும், அதை அள்ளிப்போடத் தனிக் கூலி. அதனால் ஆழத்தை அங்குலத்தில் அடிக்க ஒரு கட்டம், அதை 12-ஆல் வகுக்கும் கட்டம் ஒன்று, அமுங்கல் சதவீதத்துக்கு ஒன்று என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

புல் கார்ப்பெட்டிலும் (பாய் போல் விரிக்கும் வளர்ந்த புல்) இதே கதைதான். நேர்க்கோட்டு ஓரமென்றால் 5 சதவீதம் வெட்டுச் சேதம் போதும். வளைந்த பாதையும் வட்டப் பாத்தியும் இருந்தால் 10 வைக்க வேண்டும். பெரும்பாலான ஃபைல்களில் இல்லாத வரி ஒன்றும் உண்டு: லாரி நிற்கும் இடத்திலிருந்து தோட்டம் வரை எத்தனை அடி, படி ஏற வேண்டுமா. நாலு யூனிட் மண்ணை மூன்றாவது மாடிக்கு ஏற்றும் கூலி சில சமயம் மண்ணின் விலையைத் தாண்டிவிடும்.

வரி விஷயத்தில் காப்பியடித்தால் நேரடியாகப் பணம் போகும். உயிருள்ள செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது. தோட்டப் பராமரிப்புச் சேவைக்கு 18 சதவீதம். செடி 60,000 ரூபாய், வேலை 40,000 என்று தனித்தனி ஆர்டராக இருந்தால் வரி 7,200. 'தோட்டம் அமைத்துத் தர மொத்தம் ஒரு லட்சம்' என்று ஒற்றை வரியில் எழுதினால் முழுத் தொகைக்கும் 18,000 கட்டச் சொல்லலாம். ஆனால் ஒரே ஒப்பந்தமாகப் பேசி முடித்துவிட்டு பில்லில் மட்டும் இரண்டு வரியாகப் பிரித்தால் அது கூட்டு சப்ளை, அதாவது எல்லாம் சேர்ந்த ஒரே வேலைதானே என்ற கேள்வி வரும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பதிவு இல்லாதவர் 'ஜிஎஸ்டி 18%' என்ற வரியோடு கொட்டேஷன் கொடுப்பதும் நடக்கிறது. பதிவு இல்லாமல் வரி வசூலிக்கக் கூடாது. ஃபைலைப் பகிரும்போது அந்த ஜிஎஸ்டி வரிசையை மறைத்து வைக்காதீர்கள், அடியோடு அழித்துவிட்டுக் கொடுங்கள். இன்னொரு தப்புக் கணக்கு, 'செடிக்குத்தான் வரியே இல்லையே, அதை எதற்கு டர்ன்ஓவரில் சேர்க்க வேண்டும்' என்பது. சேர்க்கத்தான் வேண்டும். செடி 15 லட்சம், பராமரிப்பு 6 லட்சம் என்றால் மொத்தம் 21 லட்சம். சேவைக்கான 20 லட்ச வரம்பைத் தாண்டியாயிற்று, பதிவு செய்தாக வேண்டும்.

மாதப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பகிரத் தகுந்தவை நிபந்தனைகள்தான். 'செடி காய்ந்தால் மாற்றித் தருவோம்' என்று மொட்டையாக எழுதியதைக் காப்பியடித்தால் சித்திரை வெயிலில் மாட்டிக்கொள்வீர்கள். எத்தனை நாளுக்குள், எந்தச் செடிக்கு, தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்று மூன்றும் வேண்டும். ஆர்ஓ மெஷின் கழித்துத் தள்ளும் நீரும், உப்புத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னரில் வரும் தண்ணீரும் ஊற்றினால் உத்தரவாதம் இல்லை என்பதையும் சேர்க்கலாம். முதலாவதில் உப்பு செறிந்திருக்கும்; இரண்டாவதில் கால்சியம் போய் சோடியம் ஏறியிருக்கும், மண் இறுகிவிடும்.

பணம் வர வேண்டிய நாளையும் எழுத்தில் போடுங்கள். உத்யம் பதிவுள்ள (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) குறு, சிறு தொழிலுக்கு நிறுவனங்கள் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி. இதை அபார்ட்மென்ட் செயலாளரிடம் சண்டைக்குச் சொல்ல வேண்டியதில்லை, லெட்டர்பேடில் உத்யம் நம்பர் இருந்தாலே நிறைய கம்பெனி அக்கவுன்ட்ஸ் பிரிவுகள் தேதி பார்த்துப் போட்டுவிடும்.

இனி அனுப்பும் முறை. கூகுள் ஷீட் என்றால் வேலை நடந்த ஃபைலின் லிங்க்கைக் கொடுக்காதீர்கள். எடிட் உரிமையோடு கொடுத்தால் பழைய பதிப்புகளைத் திறந்து அழித்த பேர்களையும் பார்க்க முடியும். முதலில் 'மேக் எ காப்பி' போட்டு, அந்தப் புதிய ஃபைலில் பேரும் ரேட்டும் அழித்து, அதையும் இன்னொரு முறை காப்பி எடுத்துப் பார்க்க மட்டும் உரிமை கொடுங்கள். லிங்க்கின் கடைசியில் 'எடிட்' என்று தொடங்குவதை அழித்துவிட்டு ஆங்கிலத்தில் 'காப்பி' என்று அடித்து அனுப்பினால், திறப்பவருக்குத் தனக்கென ஒரு நகல் எடுக்கச் சொல்லிக் கேட்கும். உங்கள் ஃபார்முலாவை யாரும் தெரியாமல் கலைக்க முடியாது. எக்ஸெலாக இருந்தால் மறைத்து வைத்த நெடுவரிசைகளை (column) ஒருமுறை திறந்து பாருங்கள், லாப சதவீதம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஷீட்டின் லொக்கேலை (எந்த நாட்டு முறை என்ற செட்டிங்) இந்தியா என்று மாற்றுங்கள். அமெரிக்கா என்று கிடந்தால் 05/06 என்ற ஜூன் 5 மே 6 ஆகிவிடும், உரமிடும் தேதி ஒரு மாதம் முன்னால் ஓடும். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய ஒப்பந்தங்கள் மற்றவர் போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அனுப்புங்கள். சைட் படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் படமெடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகும். போட்டோவாகவே அனுப்புங்கள்.

பூச்சி மருந்து அட்டவணையை மட்டும் தேதியில்லாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள், தேதியில்லாததை வாங்கவும் வாங்காதீர்கள். ரோஜாவில் செஞ்சிலந்திக்கு டைகோஃபால் என்று எழுதிய பழைய தாள்கள் இன்னும் சுற்றுகின்றன. 2023-இல் மத்திய அரசு தடை செய்தவற்றில் அதுவும் ஒன்று.