ஸ்காட்லாந்து கார் ட்ரிப்பும், ஆள் இல்லாத அந்த ஊரும்

கல்யாணமாகி பத்து வருஷம் ஆகப்போகுது, நாங்க ரெண்டு பேரும் மட்டும் ஒரு வாரம் எங்கயாச்சும் போயிட்டு வரணும்னு பேசிப்பேசியே நாள் போயிடுச்சு, ஒருவழியா இந்த ஜூன்ல அது நடந்துச்சு. பர்மிங்ஹாம்ல இருந்து எடின்பரோவுக்கு ட்ரெயின், அங்க ஒரு சின்ன கார் வாடகைக்கு எடுத்து 7 நாள் ஹைலேண்ட்ஸ்னு சொல்ற ஸ்காட்லாந்தோட மலைப்பகுதி பூரா சுத்திட்டு மறுபடி எடின்பரோ. அவருக்குக் கோட்டைன்னா உசுரு. எனக்கு மலை, தண்ணி, பச்சை, இதெல்லாம் பாத்துட்டே ஜன்னலோரம் உக்காந்திருந்தா போதும். ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற ஊருன்னு தான் ஸ்காட்லாந்தை எடுத்தோம்.

எடின்பரோ கோட்டையைப் பத்தி நிறைய பேரு எழுதிட்டாங்க, நான் சுருக்கமா சொல்லிடறேன். அணைஞ்சு போன எரிமலையோட பாறை மேல நிக்குது, அதனாலயே ஊர்ல எங்க நின்னு பாத்தாலும் தெரியுது. மதியம் சரியா 1 மணிக்கு பீரங்கி வெடிப்பாங்க, 1861ல இருந்து நடக்கற பழக்கம், துறைமுகத்துல நிக்கற கப்பல்காரங்க கடிகாரத்தை சரி பண்ணிக்கறதுக்காக ஆரம்பிச்சது. ஞாயித்துக்கிழமை கிடையாது, அதைப் பாத்துட்டு போங்க. உள்ள செயின்ட் மார்கரெட் சேப்பல்னு 12ம் நூற்றாண்டு கட்டடம் ஒண்ணு இருக்கு, நம்ம தெருமுனைப் பிள்ளையார் கோயில் அளவுக்கு சின்னது. அவ்வளவு கூட்டத்துலயும் அதுக்குள்ள நுழைஞ்சா தானா குரல் தணிஞ்சுடுது.

ஸ்டர்லிங் கோட்டை எனக்கு அதைவிட ரொம்பப் பிடிச்சுது. அங்க மதில் மேல நின்னு பாத்தா தான் ஏன் அந்த எடத்துக்காக அத்தனை சண்டை போட்டாங்கன்னு புரியுது, கீழ ஃபோர்த் ஆறு வளைஞ்சு வளைஞ்சு ஓடுது, அந்தக் காலத்துல தெக்க இருந்து வடக்க படையைக் கொண்டு போகணும்னா இங்க தான் ஆத்தைக் கடக்கணும், ஸ்டர்லிங் யார் கையில இருக்கோ அவங்க கையில தான் நாட்டோட கதவு. 1297ல ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸ் இங்கிலீஷ் படையை மடக்குனது அந்த ஆத்துப் பாலத்துக்கிட்ட, 1314ல ஸ்காட்லாந்து ராஜா ராபர்ட் ப்ரூஸ் ஜெயிச்ச பேனக்பர்ன் இங்கிருந்து கூப்பிடு தூரம். 1543ல ஸ்காட்லாந்து ராணி மேரிக்கு இங்க தான் முடி சூட்டுனாங்க. அப்போ அந்தக் குழந்தைக்கு 9 மாசம். ஒன்பது மாசக் குழந்தைக்கு ராஜாங்கம்னா என்ன தெரியும், பசிச்சா அழத் தெரியும், நான் அந்த எடத்துல ரொம்ப நேரம் அதையே தான் நெனச்சிட்டு நின்னேன்.

அடுத்த நாள் க்ளென்கோ. ரானக் மூர்னு ஒரு பெரிய சதுப்பு நெலம் வரும், கண்ணுக்கெட்டின தூரம் வீடே இல்ல, குட்டை குட்டையா தண்ணி, பழுப்புப் புல்லு, மேகத்தோட நிழல் நம்ம கூடவே ஓடி வருது, அதைத் தாண்டுனதும் ரெண்டு பக்கமும் மலை எழும்பி ரோட்டை நெருக்குது. அவரு வண்டியை ஓரமா நிறுத்திட்டு எறங்கி நின்னாரு, ரெண்டு பேரும் பேசவே இல்ல.

அந்தப் பள்ளத்தாக்கோட கதை தெரிஞ்சப்புறம் எனக்கு அன்னைக்கு சாப்பாடு எறங்கல. 1692 ஜனவரி 1க்குள்ள ராஜாவுக்கு விசுவாசமா இருப்போம்னு எல்லாக் குலத் தலைவரும் சத்தியம் பண்ணணும்னு உத்தரவு. க்ளென்கோ மெக்டொனல்டுகளோட தலைவர் ஃபோர்ட் வில்லியம் போனாரு, இங்க இல்ல இன்வெரரி போங்கன்னு அனுப்பிட்டாங்க, பனியில அலைஞ்சு அவர் சத்தியம் பண்ணும்போது தேதி 6 ஆயிடுச்சு. அந்த தாமதத்தைக் காரணமா வெச்சு சிப்பாய்களை அனுப்புனாங்க. வந்தவங்க விருந்தாளியா அந்த வீடுகள்லயே கிட்டத்தட்ட ரெண்டு வாரம் தங்கி, அவங்க போட்ட சோத்தை சாப்பிட்டு, பிப்ரவரி 13 விடியறதுக்கு முன்னாடி எழுந்து அவங்களையே வெட்டுனாங்க. 38 பேருன்னு சொல்றாங்க, தப்பிச்சு மலைக்கு ஓடுன பொம்பளைங்களும் குழந்தைங்களும் பனியில விறைச்சு செத்தது தனி. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு கேட்டு வளர்ந்தவங்க நாம, கொலையை விட அந்த சோறு தான் எனக்கு நெஞ்சை அடைச்சுது.

அங்கிருந்து எயிலன் டோனன். காலண்டர்ல பாத்திருப்பீங்க, மூணு கடல் ஏரி ஒண்ணு சேர்ற எடத்துல குட்டித் தீவு, அதுக்கு ஒரு கல்லுப் பாலம். ஆனா நாம பாக்கற கோட்டை 100 வருஷம் கூட ஆகாதது. பழைய கோட்டையை 1719ல ஜேக்கபைட் கலகத்தப்போ (பதவி இழந்த ஸ்டூவர்ட் ராஜ குடும்பத்துக்கே மறுபடி பட்டம் வேணும்னு போராடுனவங்க தான் ஜேக்கபைட்) ஸ்பெயின் சிப்பாய்ங்க காவல் இருந்தாங்கன்னு பிரிட்டன் கடற்படைக் கப்பல்கள் குண்டு போட்டு, உள்ள இருந்த வெடிமருந்தை வெச்சே தகர்த்துட்டாங்க. 200 வருஷம் வெறும் கல்லுக்குவியலா கெடந்ததை மெக்ரே குடும்பத்துக்காரர் ஒருத்தர் வாங்கி 1932 வரைக்கும் இருபது வருஷம் கட்டுனாரு. அது கின்டெயில் மெக்கன்ஸி குலத்தோட கோட்டையா இருந்துதுன்னு படிச்சதும் அவரு என்னைத் தட்டி, "நம்ம காலின் மெக்கன்ஸி கூட இந்தப் பக்கத்து ஆளு தான் மா" அப்படின்னாரு. ஆமா, லூயிஸ் தீவு ஸ்டோர்னோவேல பொறந்து, நம்மூர் பூரா அலைஞ்சு நெலத்தை அளந்து, ஓலைச்சுவடியும் ஊர்க்கதையும் சேத்து வெச்சவர், அவர் சேத்ததுல ஒரு பங்கு இன்னைக்கும் சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துல இருக்கு.

டிரைவிங் பத்திக் கேப்பீங்க. நம்மூர் மாதிரியே எடது பக்கம் தான், அது கவலையில்ல. ஆனா ஸ்கை தீவுக்குள்ள போனா நெறைய எடத்துல ஒரே ஒரு வண்டி போற ரோடு, நடுநடுவுல ஒதுங்கறதுக்கு பாஸிங் ப்ளேஸ்னு போர்டு வெச்சிருப்பாங்க. அது எடது பக்கம் இருந்தா உள்ள ஒதுங்கணும், வலது பக்கம் இருந்தா அதுக்கு எதிர்லயே நின்னுடணும், எதிர்ல வர்றவர் அதுக்குள்ள ஒதுங்கிப்பாரு. வழி விட்டா எல்லாரும் கையைத் தூக்கி நன்றி சொல்றாங்க, ரெண்டாவது நாள் நாங்களும் பழகிட்டோம். பின்னாடி உள்ளூர்க்காரர் அவசரமா வந்தாலும் ஒதுங்கி விட்டுடுங்க, நமக்கு சுத்திப்பாக்கறது, அவங்களுக்கு அது வேலைக்குப் போற ரோடு.

இனிமே சொல்லப்போறது தான் நான் இதை எழுத உக்காந்ததுக்கே காரணம். ஸ்கைல எல்லாரும் போற ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர்ங்கற பாறைக்குப் போனோம், நல்லா இருந்துச்சு, ஆனா அடுத்த நாள் ப்ராட்ஃபர்ட்ல இருந்து எல்கோல் போற ரோட்ல ஒரு இடிஞ்ச சர்ச் பக்கத்துல வண்டியைப் போட்டுட்டு போரெரேக்னு ஒரு எடத்துக்கு நடந்தோம். பழைய மார்பிள் குவாரிக்கு தண்டவாளம் போட்டிருந்த பாதை, அதைத் தாண்டி மேட்டு நெலம், அப்புறம் கடல் வரைக்கும் எறக்கம். கீழ எறங்கினா ஒரு பெரிய பச்சை சரிவு, அதுல அங்கங்க இடுப்பளவு கல்லுச்சுவர், கூரை இல்லாத வீடுங்க, வாசல் இருக்கு, அடுப்பு எங்க இருந்திருக்கும்னு கூட ஊகிக்கலாம், உள்ள பூரா காஞ்சொறிச் செடி. ஆடு மேஞ்சிட்டு இருந்துச்சு, வேற யாருமே இல்ல.

நான் புல்லுன்னு நெனச்சிட்டு நடந்துட்டு இருந்தேன். அவரு குனிஞ்சு பாத்துட்டு, "இது பாத்தி மா, மேட்டுப்பாத்தி போட்ட தடம், வரிவரியா பாரு" அப்படின்னாரு. அவங்க வீடு விவசாயக் குடும்பம், அவருக்கு மண்ணைப் பாத்தா தெரியும். அப்புறம் பாத்தா சரிவு முழுக்க வரி. உருளைக்கிழங்கு போட்டு, கடல்பாசியை சுமந்துட்டு வந்து உரமா போட்டு உழைச்ச நெலம். 1853ல அந்த ஊரையும் பக்கத்துல இருந்த சூயிஷ்னிஷையும் ஒட்டுமொத்தமா காலி பண்ண வெச்சாங்க, லார்ட் மெக்டொனல்டோட எஸ்டேட், ஆட்டுப்பண்ணைக்கு எடம் வேணும். சூயிஷ்னிஷ் ஜனங்க வண்டிகள்ல கெழவங்களையும் குழந்தைங்களையும் ஏத்திட்டு போனதை ஆர்ச்சிபால்ட் கீக்கிங்கற நிலவியல் அறிஞர் இளவயசுல நேர்ல பாத்திருக்காரு, அவங்க வளைவுல மறைஞ்சப்புறமும் ஒப்பாரி சத்தம் அந்தப் பள்ளத்தாக்குல கேட்டுட்டே இருந்துச்சுன்னு எழுதி வெச்சிருக்காரு. 1882ல அதே தீவுல ப்ரேய்ஸ்ங்கற எடத்து ஜனங்க, முக்கியமா பொம்பளைங்க, கிளாஸ்கோல இருந்து வந்த போலீஸை கல்லெடுத்து எதிர்த்து நின்னாங்க, அப்புறம் 1886ல தான் குடியானவனை இஷ்டத்துக்கு வெளிய தள்ள முடியாதுன்னு சட்டம் வந்துச்சு. போரெரேக்காரங்களுக்கு அது 33 வருஷம் லேட்.

அதுக்கப்புறம் எனக்கு அந்த மலையெல்லாம் வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. ரெண்டு நாளா "ஏங்க, எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க, ஒரு ஆளு இல்ல"ன்னு ஃபோட்டோ எடுத்துட்டு இருந்தேனே, அதுல எத்தனை எடம் ஆளை விரட்டுனதால அமைதியானதுன்னு இப்போ தான் தெரியுது. அழகு கொறையல. ஆனா போற வழியில எங்கயாச்சும் தனியா ரெண்டு கல்லுச்சுவர் நின்னா வண்டியை மெதுவாக்கச் சொல்லி பாத்துட்டு தான் போனேன்.

திரும்பும்போது லாக் நெஸ் ஏரிக் கரையில அர்க்கர்ட் கோட்டை, 1692ல விட்டுட்டுப் போன படையே எதிரிக்குக் கிடைக்கக்கூடாதுன்னு வெடி வெச்ச எடம், ஒடைஞ்ச பெரிய துண்டு இன்னும் அப்படியே விழுந்து கெடக்கு. கலோடன் போர்க்களத்துல 1746 ஏப்ரல் 16ல ஜேக்கபைட் படை தோத்து ஒரு மணி நேரம் கூட ஆகாம முடிஞ்ச சண்டை, குலம் குலமா புதைச்ச எடத்துல பேரு செதுக்குன கல்லு, யாரோ பூ வெச்சிருந்தாங்க.

போறவங்களுக்கு: ஜூன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம், அதனால அவசரமே வேண்டாம். ஸ்கைல ரூம் மாசக்கணக்குல முன்னாடியே புக் பண்ணிடுங்க. மிட்ஜ்னு பொடிப்பூச்சி காத்து இல்லாத சாயங்காலம் மொய்க்கும், தலைக்கு வலை வாங்கிக்கோங்க. போரெரேக்குக்கு போக வர ஒரு நாள் முழுசா வெச்சுக்கோங்க, பாதை சேறா இருக்கும், நல்ல ஷூ, தண்ணி, கட்டுச்சோறு எல்லாம் எடுத்துட்டுப் போங்க. நாங்க புளிசாதம் கட்டிட்டு போனோம், கரையில ஒரு கல்லு மேல உக்காந்து தான் சாப்பிட்டோம், வீட்டுச் சுவர் எதுமேலயும் உக்கார மனசு வரல.