அம்மாவின் கிரைண்டரும் மீட்டரின் சிவப்பு விளக்கும்

2023 ஜூன் கடைசியில் எங்கள் மதுரை வீட்டுக்கு வந்த ரீடிங் 507 யூனிட். கட்டணம் 2006 ரூபாய். அன்றிலிருந்து அம்மா கிரைண்டரைத் தொடவில்லை. "அது போடுற சத்தத்தைக் கேட்டியா? அம்புட்டு கரண்டும் அதுலதான்டி போகுது" என்றார். பின்கட்டில் கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவி உட்கார்ந்துவிட்டார். அறுபத்தெட்டு வயது, வலது தோளில் தீராத வலி. எனக்கு மனசே ஆறவில்லை.

விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி திட்டத்தில் வந்த சின்ன கிரைண்டர் அது. அடியில் 150 வாட் என்று எழுதியிருக்கும். சும்மா சொன்னால் அம்மா நம்ப மாட்டார். அதனால் மீட்டரிடமே கேட்டோம். எங்கள் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுங்கும். 3200 முறை மினுங்கினால் ஒரு யூனிட் என்று மீட்டர் மேலேயே அச்சடித்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஊறிய உளுந்தைப் போட்டு ஓட்டினேன். அம்மா கடிகாரம் பார்த்தார், நான் எண்ணினேன். நிமிடத்துக்குப் பத்து, பதினொன்று. அதாவது 200 வாட்டுக்குப் பக்கம். உளுந்துக்கு 25 நிமிடம், அரிசிக்கு 20 நிமிடம். மொத்தமே 0.15 யூனிட்தான். வாரம் இரண்டு தடவை ஆட்டினாலும் இரண்டு மாதத்துக்கு இரண்டரை யூனிட். யூனிட்டுக்கு நாலரை ரூபாய் வைத்தால் பதினொரு ரூபாய் சொச்சம்! இந்தப் பதினோரு ரூபாய்க்காகவா அம்மா அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தார்?

அடுத்து அயர்ன் பாக்ஸைச் சொருகினேன். சத்தமே இல்லை. விளக்கு நொடிக்கொரு தரம் துடித்தது. பத்து நிமிடம் துணி தேய்ப்பதும் ஒரு ஈடு மாவு ஆட்டுவதும் கிட்டத்தட்ட ஒரே செலவு. சூடு பண்ணுகிற சாமான்தான் கரண்டைத் தின்னும், சத்தம் போடுகிற சாமான் அல்ல. அம்மாவுக்கு அது அப்போதுதான் பிடிபட்டது.

எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் விளக்கு ஓயவில்லை. ஐந்து நிமிடத்தில் நாலு தடவை மினுங்கியது. வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில் அகப்பட்டது டிவிக்குக் கீழே இருந்த செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் நிறுத்திவிட்டு சுவிட்சை அப்படியே விட்டுவிடுவது எங்கள் வழக்கம். 15 வாட்தான். ஆனால் டிவி பார்க்கிற நாலு மணி நேரம் போக, மீதி இருபது மணி நேரமும் வீணாக ஓடியிருக்கிறது. அறுபது நாளைக்கு 18 யூனிட்.

507-இல் பெரும்பங்கு ஏசி என்பது எனக்குத் தெரியும். மே மாதம், பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள், அதில் வருத்தமில்லை. ஆனால் அந்த 18 யூனிட் இல்லாதிருந்தால் ரீடிங் 489-இல் நின்றிருக்கும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500-க்குள் இருந்தால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.25 ரூபாய், 400 வரை 4.50, அதற்கு மேல் 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 போய்விடும். இரண்டாவது நூறுக்கும் 4.50 கட்ட வேண்டும், 500-க்கு மேல் உள்ளதற்கு 8 ரூபாய். 489 என்றால் 1659 ரூபாயோடு போயிருக்கும். ஓடாத டிவிக்காக 347 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருக்கிறோம். 2024 ஜூலையில் கட்டணம் கொஞ்சம் ஏறியது, 500-ஐத் தாண்டினால் தாவுகிற அந்தப் படி மட்டும் அப்போதும் அப்படியே இருந்தது.

இப்போது ரீடிங் எடுத்ததிலிருந்து நாற்பத்தைந்தாம் நாள் மீட்டரைப் பார்த்து காலண்டரில் குறித்துவைக்கிறேன். ராத்திரி படுக்கப் போகும்முன் டிவி சுவிட்சை அம்மாவே நிறுத்துகிறார். புதனும் ஞாயிறும் காலையில் மறுபடி கிரைண்டர் சத்தம் கேட்கிறது. ஆட்டுக்கல் மேல் செம்பருத்தித் தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டேன்.