கட்டைவிரல்

"தாத்தா, இன்னும் கொஞ்சம் அழுத்துங்க."

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடை. நவம்பர் ஆச்சே, லைஃப் சர்டிபிகேட் எடுக்க பென்ஷன்காரர்கள் வரிசை. எங்கள் தெரு மாமாவின் விரலை மட்டும் மெஷின் ஏற்கவே இல்லை.

வலது கட்டைவிரல் நுனியில் குறுக்கே ஒரு தழும்பு. ரேகையே இல்லை. 1987 அக்டோபர், யாழ்ப்பாணம்.

அப்புறம் இடது விரலை வைத்து வேலை முடிந்தது.

டீக்கடையில்தான் வாயைத் திறந்தார். சோதனைக்குப் போன வீட்டில் ஒரு பாட்டி, "தமிழ்ப் பிள்ளையா நீ?" என்று கேட்டாராம். "ஆமான்னு சொல்லவே நாக்கு வரல தம்பி."

மாமா போயிருந்தது இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையில். அந்தப் படையில் சுமார் 1,200 பேர் திரும்பி வரவில்லை. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, வரவேற்கப் போகவில்லை என்று முடிவெடுத்தார் அன்றைய முதல்வர் கருணாநிதி. அந்தப் படையால் அங்கே தமிழர்கள் பட்ட பாட்டைக் கேட்டுக் கொதித்துப் போயிருந்த ஊர் இது. அந்தக் கோபம் நியாயமானது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் படையை அனுப்பியது டெல்லி. போகச் சொன்ன இடத்துக்குப் போனவர் இவர். ஊர் திரும்பிய பிறகு, எங்கே வேலை பார்த்தாய் என்று யாராவது கேட்டால் "வடக்கே, பார்டர்ல" என்றே சொல்லி வந்திருக்கிறார். மாமிக்கே பாதிதான் தெரியும்.

எழுதி வைக்கட்டுமா மாமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"ஞாயித்துக்கிழமை வா. அந்தப் பாட்டி கதையில இருந்து ஆரம்பிக்கலாம்."