மூன்றரை டிகிரி: வீட்டில் ஒரு கடல் தொட்டி வைத்த அனுபவம்

பெரம்பூரிலிருந்து காசிமேடு அரை மணி நேரம். அதனால் வீட்டில் கடல் மீன் தொட்டி வைக்கப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "ரெண்டு கேன் கடல் தண்ணிய மொண்டுட்டு வந்துட்டா போச்சே, எதுக்கு உப்புக்குக் காசு?"

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நம் கரையோரத்துத் தண்ணீரில் துறைமுகத்து டீசலும் கூவம், அடையாறு கொண்டுவந்து கொட்டுவதும் கலந்திருக்கின்றன. அதைவிட, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகள் பெருகிக் கடலில் விழும்போது கரையோர உப்பின் அளவே இறங்கிவிடுகிறது. ஒரு மாதம் எடுத்த தண்ணீர் அடுத்த மாதம் எடுத்த தண்ணீர்போல இருக்காது. சின்னத் தொட்டிக்கு அந்த ஏற்ற இறக்கம் ஆகாது.

தூத்துக்குடியில் உப்பளத்தில் ஆயுசு முழுக்க வேலை செய்தவர் என் பெரியப்பா. ஃபோனில் விஷயத்தைச் சொன்னதும், "மூட்டை அனுப்பட்டுமா?" என்றார். அந்த உப்பும் ஆகாது என்று அவரிடம் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் காரணத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர்தான். கடல் தண்ணீர் வெயிலில் சுண்டும்போது சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முதலில் இறங்கிவிடும். அப்புறம் உப்பு விளையும். மெக்னீசியம் எல்லாம் கடைசியில் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடும். நாம் வாரி எடுப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். கடல் மீனுக்கு அந்தக் கால்சியமும் மெக்னீசியமும் பொட்டாசியமும் எல்லாமே வேண்டும். அதனால்தான் எல்லாம் அளவாய்ச் சேர்த்த தனி உப்பு விற்கிறார்கள். "சரிதான், கசப்பையும் சேத்து வாங்குற" என்றார் பெரியப்பா.

தொட்டி 2 அடி நீளம், 15 அங்குல அகலம், 15 அங்குல உயரம். பாறையும் மணலும் போக உள்ளே நிற்கும் தண்ணீர் 70 லிட்டருக்குப் பக்கம். சின்னத் தொட்டி பராமரிக்கச் சுலபம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கடல் தொட்டியில் கதை தலைகீழ். தண்ணீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் சீக்கிரம் மாறும். என் வீட்டில் இடம் இவ்வளவுதான் என்பதால் இந்த அளவு. எல்லாம் சேர்த்து 110 கிலோவைத் தாண்டும் என்று கணக்குப் போட்டு இரும்பு ஸ்டாண்ட் அடித்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் தெர்மாகோல் போட்டு உட்கார வைத்தேன். பின்னால் தொங்கும் ஃபில்டர் ஒன்று, தண்ணீரைச் சுழற்றும் வேவ் மேக்கர் ஒன்று, விளக்கு ஒன்று. ஹீட்டர் வாங்கவில்லை. சென்னையில் நம் பிரச்சினை குளிர்விப்பதுதான்.

பாறை விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கடல் தொட்டி என்றாலே வெள்ளைப் பவளப்பாறைத் துண்டுகளை அடுக்குவது என்றொரு எண்ணம் இருக்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் பக்கத்து வீடுகளின் அலமாரிகளில் அப்படி ஒரு துண்டு கண்டிப்பாக இருக்கும். ஒரு காலத்தில் தூத்துக்குடிக் கடலில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் தண்ணீருக்குள் மூழ்கிப்போனதற்கு அதுவும் காரணம். 1986-இல் அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 2001-இல் பவளப்பாறையும் கடல்குதிரையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. உயிரோடு இருந்தாலும் செத்த துண்டாக இருந்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். யாராவது "பழைய ஸ்டாக்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். நான் துளைகள் நிறைந்த செயற்கைப் பாறை 8 கிலோ வாங்கினேன். பாறையின் வேலை பாக்டீரியாவுக்கு வீடாக இருப்பது. அதற்கு அந்தத் துளைகள் போதும். அடியில் அரகோனைட் மணல் 10 கிலோ.

அடுத்தது தண்ணீர். எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 900-ஐத் தாண்டும். வீட்டு ஆர்ஓ இருக்கிறதே என்று அளந்தால் 60 காட்டியது. குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று அந்த மெஷினிலேயே கொஞ்சம் வெளித் தண்ணீரைக் கலந்துவிடும் அமைப்பு இருக்கிறது. அதை முழுக்க மூடிவிட்டு, மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்றைப் பின்னால் சேர்த்த பிறகுதான் மீட்டர் 0-க்கு வந்தது. 60 ஒன்றும் அதிகமில்லையே என்று தோன்றலாம். தொட்டியிலிருந்து தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், அதில் கரைந்திருப்பது எதுவும் போகாது. தினமும் ஊற்றுகிற தண்ணீரில் இருக்கும் அந்த 60-உம் மாதக்கணக்கில் உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும்.

மார்ச் முதல் வாரத்தில் உப்புக் கரைத்தேன். லிட்டருக்கு 37 கிராம்போல, மொத்தம் 2.6 கிலோ. தண்ணீரில்தான் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். உப்பைக் கொட்டிவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரு நாள் முழுக்கப் பம்ப் ஓடிய பிறகு உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் 35, அதாவது ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு; ஒப்படர்த்தி 1.026. அந்தக் கருவியைச் சுத்தத் தண்ணீரில் 0 பார்த்துச் சரிசெய்வதோடு விடாமல், 35 அளவுக் கரைசல் ஒன்றை வாங்கி அதில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. நமக்கு வேண்டியது 35-இல் அது சரியாகக் காட்டுவதுதான்.

அப்புறம் காத்திருத்தல். மீன் வாங்க இடம் பார்க்கப் போனபோது ஒரு கடையில், "ரெண்டு நாள் ஓட விட்டுட்டு மீன் போட்ருங்க சார்" என்றார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மீனின் கழிவு அமோனியாவாகும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். அந்தப் பாக்டீரியாக்கள் பாறையில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடல் தண்ணீரின் பிஹெச் 8.2-க்குப் பக்கம் இருப்பதால் அதே அளவு அமோனியா நன்னீரைவிட இங்கே அதிகமாகக் கொல்லும். சிலர் மலிவான டாம்சல் மீனை விட்டு இந்த வேலையை நடத்துகிறார்கள். செவுள் எரிந்து அது படும் பாட்டுக்கு அவசியமே இல்லை. நான் அமோனியம் குளோரைடு கரைசலை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும்வரை சொட்டுவிட்டு, தினமும் டெஸ்ட் கிட்டில் நிறம் பார்த்தேன். பத்தாம் நாள்வரை எந்த அசைவும் இல்லை. அப்புறம் அமோனியா இறங்கி நைட்ரைட் ஏறியது.

நைட்ரைட் இறங்காமல் நின்ற அந்த வாரங்களில்தான் பங்குனி உத்திரம் வந்தது. குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போனேன். அதற்குள் வெயில் ஏறியிருந்ததால் தண்ணீர்ப் பரப்பின்மேல் சின்ன ஃபேன் ஒன்றை ஓடவிட்டிருந்தேன். ஆவியாகும் தண்ணீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். 31 டிகிரி இருந்த தொட்டி 28-க்கு இறங்கியது. ஆனால் நாளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குறையும். வீட்டில் இருந்த தம்பியிடம் கோடு வரைந்து காட்டி, "இந்த மட்டம் குறையாமல் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஊரில் ஒரு நாள் பெரியப்பாவோடு அளத்துக்குப் போனேன். வெயிலில் பாத்தி கண்ணைக் கூசியது. அவர் கையில் கண்ணாடிக் குழாய்போன்ற டிகிரி மீட்டர். அது காட்டுவது சூட்டை அல்ல, தண்ணீரின் உப்புச் செறிவை. பாத்தித் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு அதை மிதக்க விட்டார். "கடத் தண்ணி மூணரை டிகிரி இருக்கும்யா. இருபத்தஞ்சுக்கு வந்தாத்தான் உப்பு எறங்கும். முப்பதுக்கு மேல விட்டா கசப்பு ஏறிரும்." ஒவ்வொரு பாத்தியாக நடந்து அளந்து காட்டினார். வெயிலும் காற்றும் தண்ணீரை எடுத்துக்கொள்ள, உப்பு மிஞ்சுகிறது. என் வீட்டில் அந்தச் சின்ன ஃபேன் செய்வதும் இதையேதான் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது. இங்கே டிகிரி ஏறினால் சந்தோஷம். அங்கே ஏறவே விடக் கூடாது.

சென்னை திரும்பினேன். தொட்டியில் மட்டம் கோட்டுக்குச் சரியாக நின்றது. வழக்கப்படி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் 38-க்கும் 39-க்கும் நடுவே! ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் இரண்டு கேன் வைத்திருந்தேன். ஒன்றில் சுத்தத் தண்ணீர், இன்னொன்றில் தண்ணீர் மாற்றுவதற்காகக் கரைத்து வைத்த உப்புத் தண்ணீர். இரண்டும் ஒரே வெள்ளைக் கேன். தம்பி ஐந்து நாளும் ஒன்றரை லிட்டர் கணக்காக, தவறாமல், உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறான். போனது வெறும் தண்ணீர், வந்தது உப்போடு. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, கேனில் நான் எதுவும் எழுதவில்லை. உள்ளே மீன் இல்லாத நேரமாக இருந்தது பெரிய நிம்மதி. மட்டம் குறைந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். உப்பு ஏறியது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கடல் தொட்டி வைக்கிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது உப்பை அளக்கும் கருவி என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரேயடியாக இறக்கினால் பாக்டீரியாவுக்குச் சிரமம் என்று, நான்கு நாளில் மொத்தம் 7 லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு அதே அளவு சுத்தத் தண்ணீரை ஊற்றினேன். 35-க்கு வந்தது. அன்றே நீல மூடி சுத்தத் தண்ணீருக்கு, சிவப்பு மூடி உப்புக்கு என்று மாற்றினேன். அடுத்த மாதமே மட்டம் பார்த்துத் தானாக நிரப்பும் சின்னக் கருவியும் வாங்கிவிட்டேன்.

ஏப்ரல் நடுவில் நைட்ரைட் ஒரே இரவில் விழுந்தது. 2 பிபிஎம் அமோனியா விட்டு 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்டிய அன்று தொட்டி தயார். நைட்ரேட் மிகவும் ஏறியிருந்ததால் பாதித் தண்ணீரை மாற்றினேன். இதற்கிடையில் மணல், பாறை எல்லாம் பழுப்பாகப் பொடி படிந்து அசிங்கமாக இருந்தது. அது டயாட்டம் என்ற நுண்பாசி, புதுத் தொட்டிக்கு வரும், போகும். மருந்து எதுவும் போட வேண்டியதில்லை. எனக்கு மூன்று வாரத்தில் தானாகவே குறைந்தது.

மீன் வாங்கக் கொளத்தூர் போனேன். தெரு நெடுக வண்ண மீன் கடைகள், ஆனால் பெரும்பாலும் நன்னீர். கடல் மீன் வைத்திருக்கும் கடையைத் தேடி, கோமாளி மீன் இரண்டு, பொரிப்பகத்தில் பிறந்தவைதானா என்று கேட்டு வாங்கினேன். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் ஆராய்ச்சி நிலையங்களில் இந்த மீனைக் குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். கடலில் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத மீன் இது. தொட்டியில் பிறந்தது தீனிக்கும் சீக்கிரம் பழகும். கடலில் இது குடியிருக்கும் கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமலும் நன்றாக வாழும்.

கடைத் தண்ணீரை வீட்டில் அளந்தால் 28-தான். கடைகளில் உப்பைக் குறைத்து வைப்பது வழக்கம். பையை மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும், மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் கலந்தேன். வலையால் எடுத்து மீனை மட்டும் விட்டேன், கடைத் தண்ணீரை ஊற்றவில்லை. இரண்டு நாள் ஃபில்டருக்குக் கீழே மூலையில் ஒட்டிக்கொண்டு சாப்பிடவே இல்லை. நான் சரியாகத் தூங்கவும் இல்லை. மூன்றாம் நாள் உறைந்த மைசிஸ் இறாலைக் கரைத்து விட்டதும் பெரியது பாய்ந்து வந்து தின்றது. இந்த மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளரும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடும். சின்னது அதன் முன்னால் போய் உடம்பைச் சாய்த்து நடுங்கிக் காட்டுவதை இப்போது தினமும் பார்க்கிறேன். "நீதான் பெரியவள்" என்று ஒப்புக்கொள்வதற்கு அடையாளம் அது.

கத்திரி வெயிலில் ஃபேன் ஓடியும் 30-ஐத் தொட்டது. புழுக்கமான நாட்களில் தண்ணீர் சரியாக ஆவியாகாது, அதனால் ஃபேனின் பலனும் குறையும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷின் வாங்க வசதியில்லை. அதன் விலை தொட்டி, பாறை, உப்பு எல்லாம் சேர்ந்ததைவிட அதிகம். மதியம் திரைச்சீலை போட்டு, விளக்கை மாலைக்கு மாற்றி, மோசமான நாட்களில் ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டுச் சமாளித்தேன். கரண்ட் போனால் வெயிலைவிட ஆபத்து. வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு. வேவ் மேக்கரை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டேன். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் தயாராக இருக்கிறது.

இப்போது வாரம் 7 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறேன். வேறு மீன் சேர்க்கவில்லை.

போன மாதம் கண் ஆபரேஷனுக்காகப் பெரியப்பா சென்னை வந்திருந்தார். பையிலிருந்து துண்டில் சுற்றிய டிகிரி மீட்டரை எடுத்தார். அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவே இல்லை. நீளமான டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு கொடுத்தேன். மிதக்கவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் நீட்டினார்.

"படி. எனக்குச் சரியாத் தெரியல."

"மூணரை, பெரியப்பா."

தலையாட்டினார். "நாளைக்கும் பாரு" என்றார்.