0.08

போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து, தொடங்கியதும் நிறுத்திப் பார்த்தேன். 0.14. இன்னும் வேகமாக. 0.11.

பதினைந்து தடவை தட்டியும் 0.08 வரவில்லை.

"என்ன மாமா, போன் ரிப்பேரா?" என்றான் அக்கா மகன்.

பஸ்ஸில் பார்த்த பழைய வீடியோதான் காரணம். 1968, கிரெனோபிள் குளிர்கால ஒலிம்பிக். டவுன்ஹில் பனிச்சறுக்கில் பிரான்ஸின் ழான்-குளோத் கில்லி சொந்த அணியின் கி பெரியாவை முந்தியது அந்த 0.08 நொடியில்தான்.

பெயரே கில்லி! (நம்ம ஊர்ச் சொல்லுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பொருத்தம்.)

கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஜயன்ட் ஸ்லாலமிலும் தங்கம். மூன்றாவதுதான் வில்லங்கம். ஸ்லாலம் அன்று மலை முழுக்க மூடுபனி. குறுக்கே யாரோ வந்ததாகச் சொல்லி ஆஸ்திரியாவின் கார்ல் ஷ்ரான்ஸ் மறுபடி ஓடினார், ஜெயித்தார். அப்புறம், பாதியில் நின்ற அந்த ஓட்டத்திலேயே ஒரு கேட்டை (கம்பங்களுக்கு நடுவே கடக்க வேண்டிய வழி) தவறவிட்டார் என்று தகுதி நீக்கம். தங்கம் கில்லிக்கு. ஆஸ்திரியர்களின் கோபம் எனக்குப் புரிகிறது.

அதே ஆண்டு, 24 வயதில் ஓய்வு. புகழ் மட்டும் ஓய்வெடுக்கவில்லை. விளம்பரங்கள், கார் பந்தயம், 1992 ஆல்பெர்வில் ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவின் இணைத் தலைவர் பதவி. அவர் வளர்ந்த வால் டிசேர் பக்கத்துப் பனிச்சரிவுகளையே பல வருடம் 'எஸ்பாஸ் கில்லி' என்றார்கள்.

பெரியா பெயரில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேட நினைத்தேன். போன் கையில் இல்லை.

அக்கா மகன் 0.09-இல் நிற்கிறான். தரமாட்டானாம்.