ஹம் அம்மன் தேரும், கால்வாய்க் கரையில் நிற்கிற இவரும்

ஜேர்மனியின் ஹம் நகரத்து அம்மன் கோயிலில் தேர் ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் விடிய மூன்றரைக்கே குசினி லைட் எரியத் தொடங்கிவிடும். நான் தலைமுழுகி, முதல்நாளே அயர்ன் பண்ணி வைத்த சேலையைக் கட்டி, அருச்சனைச் சாமான் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும்போது இவர் காரை ஸ்டார்ட் பண்ணி, கண்ணாடியைத் துடைத்து, தண்ணீர்ப் போத்தல் இரண்டை முன்னால் வைத்துவிட்டு நிற்பார். சோலிங்கனிலிருந்து ஏ1 நெடுஞ்சாலையில் வுப்பர்டால், ஹாகன் தாண்டி, காமென் சந்தியில் ஏ2க்குத் திரும்பி, ஹம்-ஊன்ட்ரொப் என்ற பலகை வரும்வரை நாங்கள் பெரிதாக ஒன்றும் கதைப்பதில்லை. 2002இல் கும்பாபிஷேகம் ஆன நாளிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர் இவர்தான். 2009க்குப் பிறகு ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை.

ஹம் காமாட்சி அம்பாள் கோயிலை முதல் முறை பார்க்கிற சனம் கொஞ்சம் திகைத்துத்தான் போகும். சுற்றிவரத் தொழிற்சாலைகள், களஞ்சியங்கள், கனரக லொறிகள் போகிற ரோட்டு, அதற்கு நடுவே 17 மீட்டர் உயரத்தில் ஒரு இராஜகோபுரம். இந்த இடத்துக்கு அம்மன் விரும்பி வந்தா என்று சொல்ல முடியாது. எண்பதுகளின் கடைசியில் பாஸ்கரக் குருக்கள், அவரும் அகதியாக வந்தவர்தான், ஹம் நகரத்தில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் வைத்துக் கும்பிடத் தொடங்கிய கோயில் இது. நான் 1997இல் அங்கே போயிருக்கிறேன். படிக்கட்டு முழுக்கச் செருப்பு, ஈரக் குடைகள், உள்ளே மூச்சுமுட்டச் சாம்பிராணி. கூரை அவ்வளவு பதிவு, தீபாராதனைக்குக் கையைத் தூக்கினால் முட்டிவிடுமோ என்று பயந்தேன். திருவிழாவுக்குச் சனம் கூடக் கூட அயலவர்கள் முறைப்பாடு செய்தார்கள், காரும் சத்தமும் தாங்க முடியவில்லை என்று. அதுவும் நியாயம்தான், ஒரு சின்னத் தெருவில் எத்தனை காரை விடுவது. அப்படித்தான் இந்தத் தொழிற்பேட்டைக்கு இடம்பெயர்ந்தது. 2002 ஜூலை 7ஆம் திகதி கும்பாபிஷேகம். மகனுக்கு அப்போது நாலு வயது, மகளைத் தோளில் போட்டிருந்தேன். அன்றைக்கு இவர் அந்தக் கோபுரத்தைப் பார்த்துக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அதை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் இவர் சாமி இல்லை என்று சொல்லிப் பிறந்தவர் இல்லை.

இவர் வந்தது 1985 தொடக்கத்தில், இருபது வயதில். கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்த கூட்டத்தில் ஒருவர். அந்த வருட நடுப்பகுதியோடு அந்தப் பாதையை எங்கள் ஆட்களுக்கு மூடிவிட்டார்கள். முதல் வருடங்களில் வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் கடிதம் வேண்டும். அப்புறம் ஒரு இத்தாலியன் உணவகத்தில் கோப்பை கழுவினார், அதற்குப் பிறகு சோலிங்கனில் கத்தி செய்கிற ஒரு பட்டறையில் இரவு வேலை. சோலிங்கன் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பேர்போன ஊர். இவர் கையிலிருக்கிற சின்னச் சின்னத் தழும்புகளை எண்ணினால் எத்தனை வருடம் வேலை செய்தார் என்று சொல்லலாம்.

நான் வந்தது 1996இல். ஊர் யாழ்ப்பாணத்து அளவெட்டி. கும்பழாவளைப் பிள்ளையாரைக் கும்பிட்டு வளர்ந்தவள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, ஆமி வருகுது என்று வலிகாமத்துச் சனம் முழுவதும் வெளிக்கிட்டபோது நானும் அம்மாவும் மழைக்குள்ளே நாவற்குழிப் பாலம் கடந்தோம். அடுத்த வருடம் கொழும்பு, பேச்சுக்கால், படம், ரெலிபோனில் மூன்று தடவை கதைத்தது, கலியாணம் முற்றானது. நான் கட்டப்போகிற மனிசனை டுசல்டோர்ப் விமான நிலையத்தில்தான் முதல் தடவை நேரே பார்த்தேன். வந்த முதல் கிழமையே இவர் என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய இடம் ஒரு வெற்றுக் காணி. அங்கே ஒரு வீடு இருந்தது, 1993 மே 29 இரவு அதற்கு நெருப்பு வைத்தார்கள், ஐந்து துருக்கியப் பெண்களும் சிறுமிகளும் செத்தார்கள், அதற்கு மூன்று நாளுக்கு முதல்தான் பாராளுமன்றத்தில் அகதிச் சட்டத்தை இறுக்கினார்கள் என்று சொன்னார். புதுப்பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுகிற இடமா இது என்று எனக்கு அன்றைக்குக் கோபம். இப்போது விளங்குகிறது. எந்த மண்ணில் குடித்தனம் நடத்தப் போகிறேன் என்பதை மறைக்காமல் சொன்னார். மகள்மாரையும் பேத்திகளையும் அந்த நெருப்பில் பறிகொடுத்த மெவ்லூதே கெஞ்ச், 2022இல் கண்மூடும்வரை பழிவாங்கச் சொல்லவில்லை, ஒன்றாக வாழுங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தா. நான் அந்த அம்மாவுக்கும் ஒரு நாள் விளக்கு வைத்தேன். எங்கள் சாமிப்படத் தட்டில்தான் வைத்தேன், அவ வேறு சமயம் என்று அம்மன் பார்க்கப் போவதில்லை.

பிள்ளைகள் பிறந்த பிறகு நான் வயோதிபர் இல்லத்தில் வேலைக்குப் போகத் தொடங்கினேன். எனக்குக் காலை ஆறு மணிக்குத் தொடக்கம், இவருக்கு அப்போதுதான் இரவு வேலை முடியும். பதினொரு வருடம் இப்படி. நாங்கள் இரண்டு பேரும் குடும்பம் நடத்தியது குசினி மேசையில் கிடந்த ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில். "சின்னவனுக்குக் காய்ச்சல், எட்டு மணிக்கு மருந்து." "சோறு அடுப்பில், குழம்பு சூடாக்கவும்." "வங்கிக் கடிதம் வந்தது, பயப்பட வேண்டாம்." இப்படியே பதினேழு கொப்பி. அதில் அன்பென்று ஒரு சொல் கிடையாது. ஆனால் பனிக்காலத்தில் ஒவ்வொரு நாளும் "வெளியில் வழுக்குது, பார்த்து நடவும்" என்று எழுதியிருக்கும். வேலை முடிந்து வந்த களைப்பில், கண் சொருகச் சொருக, எனக்காக எழுதின எழுத்து. புருசன் பெண்சாதி என்றால் எப்போதும் பக்கத்தில் இருந்து கதைக்க வேண்டும் என்று இப்போது பிள்ளைகள் சொல்கிறார்கள். அதுவும் சரியாக இருக்கலாம். எங்களுக்குக் கிடைத்தது கொப்பிதான்.

இல்லத்து வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பக்தி பாதி அங்கேதான் உருவானது. தொண்ணூறு வயதுக்காரரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, உணவூட்டி, சில பேரைக் கடைசி மூச்சுவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு மூதாட்டி என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து அது என்ன என்று கேட்டா. சாம்பல், கடைசியில் எல்லோரும் இதுதான் என்று எனக்குத் தெரிந்த டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், சொன்னேன். அவ தங்கள் தேவாலயத்திலும் வருடத்தில் ஒரு புதன்கிழமை இதே சாம்பலைப் பூசி இதையேதான் சொல்லுவார்கள் என்றா. அப்புறம் தன் கதையைச் சொன்னா. உலக யுத்தம் முடிய, இப்போது போலந்தோடு இருக்கிற ஷ்லேசியாவிலிருந்து ஒரு தள்ளுவண்டியோடு துரத்தப்பட்டு வந்தவவாம், இங்கே வந்த இடத்திலும் அகதி என்று கதவைச் சாத்தினார்களாம். நான் நாவற்குழிப் பாலத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அன்றைக்கு நான் கோயிலுக்குப் போகவில்லை, போனது போல இருந்தது.

சரி, 2009க்கு வருகிறேன். அதைத் தவிர்த்து எங்கள் வீட்டுக் கதையை எழுத முடியாது. அதற்கு முந்திய வருடங்களில் இவர் போராட்டத்துக்கென்று காசு கொடுத்தார், ஒரு தடவை கடன் எடுத்தும் கொடுத்தார். நான் சண்டை பிடித்தேன். பிள்ளைகளின் சீட்டுக் காசு அது. இவர் திருப்பிக் கத்தவில்லை, அங்கே என் அக்கா இருக்கிறா என்று மட்டும் சொன்னார். அந்த வருடம் மே மாதத்தில், ஊரில் யுத்தம் முடிகிறபோது, அக்காவின் மகன், எங்கள் மருமகன், பத்தொன்பது வயதுப் பிள்ளை, வட்டுவாகல் பாலம் கடந்து ஆமியின் பக்கம் போனான். கண்ட ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த வருடத் தேருக்கு இவர் என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "நீர் போய்க் கும்பிட்டிட்டு வாரும், நான் வெளியில நிக்கிறன்" என்றார். ஏன் என்று கேட்டேன். "அவ்வளவு சனமும் அவவைத்தானே கூப்பிட்டதுகள்" என்றார். எனக்குப் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் பதில் தெரியாததால் நான் கும்பிடுவதை விடவும் இல்லை. அக்காவே விடவில்லையே. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பந்தல் போட்டு இருந்தார்களே, அதில் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர்களில் அவவும் ஒருத்தி. கோயில் வாசலில்தான் இருந்தா.

2024, 2025 இரண்டு வருடமும் ஊரைப் போலவே இங்கேயும் மனம் ஆறவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஆட்களைத் திருப்பி அனுப்புகிற திட்டம் பற்றித் தீவிர வலதுசாரிகள் கதைத்த கூட்டம் ஒன்று 2024 ஜனவரியில் வெளியே வந்தபோது, இங்கேயே பிறந்து வளர்ந்த மகள் குளிருக்குள் ஊர்வலம் போனாள். "அம்மா, என்னை எங்கே திருப்பி அனுப்புவினம்?" என்று கேட்டாள். அதே வருடம் ஓகஸ்ட் 23, சோலிங்கன் நகரத்தின் 650ஆம் ஆண்டு விழாவில் சிரியாவிலிருந்து அகதியாக வந்த ஒருவன் கத்தியால் குத்தி மூன்று பேரைக் கொன்றான். நாங்கள் காய்கறி வாங்கப் போகிற சதுக்கம் அது. இரண்டு நாள் என்னால் சாப்பிட முடியவில்லை. செத்தவர்களை நினைத்து அழுதேன், இனி எல்லா அகதியையும் இவனைக் கொண்டு அளப்பார்களே என்றும் பயந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது, அதற்கு நான் வெட்கப்படவில்லை. இவர் கத்திப் பட்டறையிலிருந்து காலையில் வந்து கையைத் திரும்பத் திரும்பக் கழுவினார். 2025 பெப்ரவரித் தேர்தலில் நாங்கள் இரண்டு பேரும் போய் வாக்குப் போட்டோம். வெளிநாட்டவரை வெளியே அனுப்பச் சொல்கிற கட்சிக்கு 20.8 வீதம். மறுநாள் இல்லத்தில் ஐந்து பேரில் ஒருவர் என்று எண்ணிப் பார்க்க வந்த மனத்தை அடக்கிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பால் கோப்பி கொடுத்தேன்.

இந்த மனநிலையோடுதான் அந்த வருடத் தேருக்குப் போனோம். எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, வைத்தியர் குந்தக் கூடாது என்கிறார். இருபது வருடத்துக்கு மேல் தேருக்குப் பின்னால் அடிக்கடி விழுந்து கும்பிட்டு அடியழித்தவள் நான், இந்த முறை கற்பூரச்சட்டி மட்டும் எடுத்தேன். முன்னால் முதுகில் செடில் முள் குத்திய காவடிகள், பின்னால் வெறும் தார் ரோட்டில் உருண்டு பிரதட்டை பண்ணுகிற பிள்ளைகள், அவர்களுக்கு வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஓடுகிற தகப்பன்மார். சிதறு தேங்காய் மலையாகக் கிடந்தது. பாரிசிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வந்த கடைக்காரர்கள் சேலையும் வளையலும் பரப்பியிருக்க, தாகசாந்திப் பந்தலில் ஒரு டொச்சுப் பொலிஸ்காரர் மோர் வாங்கிக் குடித்தார். அம்மன் தேரேறி அந்தக் களஞ்சியங்களுக்கு நடுவே அசைந்து வரும்போது கையில் சட்டி சுட்டது தெரியவில்லை. இந்த நாட்டில் எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படாத ரோட்டு, வருடத்தில் ஒரு நாள், இது ஒன்றுதான்.

சட்டியை இறக்கிவிட்டு அருச்சனைக்கு நின்றேன். ஒவ்வொரு வருடமும் நான் சொல்லுகிற பெயர்களில் மருமகனின் பெயரும் இருக்கும். அருச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் செய்வது. பதினாறு வருடமாக அவன் பெயரை அந்த வரிசையில்தான் சொல்லி வருகிறேன், இவருக்குச் சொன்னதில்லை. சொன்னால் நோகும் என்று நினைத்தேன்.

பிரசாதமும் அன்னதானச் சோறும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கால்வாய்ப் பக்கம் போனேன். அடுத்த நாள் அம்மன் தீர்த்தமாட வருகிற கால்வாய் அது. இவர் கரையில் உட்கார்ந்து சரக்குப் படகொன்று போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமயிர் எப்போது இவ்வளவு வெளுத்தது என்று நினைத்தேன். சோற்றைக் கொடுத்தேன். குழைத்து இரண்டு வாய் சாப்பிட்டார். அப்புறம் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அருச்சனைக்கு எல்லாப் பேரும் சொன்னனீரோ?"

"சொன்னனான்."

"அவன்ர நட்சத்திரம் ரேவதி. அக்கா நேற்று போனில சொன்னவ, போன வருசம் நீர் அச்சுவினி எண்டு சொல்லிப்போட்டீராம்."

நான் சோற்றுத் தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, திரும்பக் கோயிலுக்கு நடந்தேன். வரிசை நீளம். பாதி தூரம் போன பிறகுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, தட்டோடு இவர் வந்துகொண்டிருந்தார்.